தாதாசாகேப் பால்கே: படக்கலை பயின்ற ஒருவரின் வரலாறு

வெள்ளித்திரையில் பணியாற்ற வேண்டும் என்னும் ஆசை இளைஞர் பலரிடம் உண்டு. அவ்வாசை இழிந்ததன்று. ஆயின் அதற்கு எவ்வகை ஆயத்தம் வேண்டும் என்பதிற்றான் கருத்து வேற்றுமை எழுகின்றது. அழகிய முகமும் இனிய குரலும் அமைந்தாற் போதும் என்பார் ஒரு சாரார். படமனைகளின் வாயிலிற் பல ஆண்டு காத்திருந்து, எடுபிடி வேலை செய்து, கண்டும் கேட்டும் தெரிந்துகொள்வதே சாலும் என்பார் மற்றொரு சாரார். கல்லூரிப் பட்டம் பெற்றபின் மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் படக்கலையையே முறையாகப் பயிலுதல் வேண்டும் என்று ஒரு மாணவன் சொல்வானாயின், வீட்டிலுள்ள பெரியோர் அதனை வீண் செலவென்றே எண்ணுவர். இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், இந்தியப் படத்தொழிலின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கேயின் வரலாற்றை ஒருமுறை கருதிப் பார்த்தல் நலம். அவர் புகழை யாவரும் அறிவர். அவர் மாணவராயிருந்த காலத்தை அறிந்தோர் சிலரே. ஆதலின் அப்பகுதியையே நாம் ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே என்பது அவரது முழுப்பெயர். அவர் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள், நாசிக் நகரை அடுத்த திரியம்பகம் என்னும் திருத்தலத்திற் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்ல சாஸ்திரியார். பம்பாயிலுள்ள வில்சன் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பெற்றமையாற் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அக்கல்லூரி ஸ்காத்லாந்து தேசத்து மிஷன் சங்கத்தாரால் நிறுவப்பெற்றது என்பதை நம் கல்லூரியார் அறிந்து மகிழலாம். வேத சாஸ்திரங்களிற் பழகிய அக்குடும்பத்தில், இளைஞர் துண்டிராஜின் உள்ளம் சித்திரம் வரைவதிலும், களிமண்ணால் உருவமைப்பதிலும், நாடகம் ஆடுவதிலுமே சென்றது. மகனின் விருப்பத்தைத் தந்தையார் தடுத்தாரில்லை.

1885-ஆம் ஆண்டில் அவர் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் சேர்ந்து சித்திரம் பயின்றார். பின்னர்த் தமையனாருடன் பரோடாவுக்குச் சென்று, அங்குள்ள கலாபவனத்தில் எண்ணெய் வர்ணமும் நீர் வர்ணமும் தீட்டக் கற்றார். கட்டடக் கலையும் உருவ வார்ப்பும் அவ்விடத்தே பயின்றனவே. அக்காலத்தில் ஒரு காமிரா வாங்கிப் புகைப்படம் எடுக்கவும் தொடங்கினார். அவரது ஆர்வத்தைக் கண்ட கலாபவனத் தலைவர் பேராசிரியர் கஜ்ஜார் அவரை இரத்லாம் நகருக்கு அனுப்பி, மூவர்ணப் படக்கட்டை செய்யும் முறையையும், இருட்டறை வேலைகளையும் கற்றுவரச் செய்தார். 1892-இல் அகமதாபாத்துக் கைத்தொழிற் கண்காட்சியில், நாடக அரங்கு ஒன்றின் மாதிரி அமைத்தமைக்காக அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது.

இவ்வளவும் கற்றவர்க்கு வாழ்வு உடனே மலர்ந்துவிடவில்லை. கோத்ரா என்னும் ஊரிற் புகைப்படக்காரராகத் தொழில் நடத்தினார். 1900-ஐ ஒட்டிப் பரவிய பிளேக் நோயில் மனைவியும் குழந்தையும் இறந்தனர். மனமுடைந்து பரோடாவுக்குத் திரும்பிப் படமனை வைத்தபோது, காமிராவின் முன் நிற்போரின் உயிர்ச்சத்தை அது உறிஞ்சிவிடும் என்ற வதந்தி மக்களிடையே பரவ, அத்தொழிலும் நலிந்தது. இடையே நாடகக் குழுவினருக்குத் திரைச்சீலை எழுதிக் கொடுத்தார். மேனாட்டு இந்திரஜாலக்காரர் ஒருவரிடம் செப்பிடுவித்தை கற்றார். தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கிப் பேராசிரியர் கேல்பா என்னும் பெயருடன் மேடையேறி வித்தை காட்டியதும் உண்டு. 1902-இல் அவர் மறுமணம் செய்துகொண்ட சரசுவதிபாய் அம்மையாரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

1903-இல் அரசாங்கத் தொல்பொருள் துறையில் புகைப்படக்காரராகவும் வரைவாளராகவும் வேலை கிடைத்தது. நிலையான சம்பளம், மதிப்பான பதவி. எனினும் சுதேசிய இயக்கம் நாடெங்கும் கிளர்ந்த அந்நாளில் அவ்வேலையை உதறி, லோனாவ்லாவில் அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஓவியர் இரவிவர்மாவின் அச்சகத்திற்கும் படக்கல் வேலை செய்து கொடுத்தார். 1909-இல் ஜெர்மனிக்குச் சென்று வர்ண அச்சுப் பொறிகளையும் வாங்கி வந்தார். ஆயினும் கூட்டாளிகளோடு கருத்து வேற்றுமை நேர, அவ்வச்சுக்கூடத்தை விட்டு வெறுங்கையராய் வெளியேறினார்.

அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. சித்திரம், சிற்பம், புகைப்படம், இரசாயனம், அச்சு, நாடகம், இந்திரஜாலம் எனப் பலவற்றைத் தொட்டு, ஒன்றிலும் நிலைபெறாதவர் என்றே உலகம் அவரை மதித்தது. நம்மவருள்ளும் இத்தகைய மாணவரைக் கண்டால் நாம் அவ்வாறே மதிப்போம். ஆயின் அவையனைத்தையும் ஒருங்கே வேண்டி நிற்கும் கலை ஒன்று அப்போதுதான் உலகில் வளர்ந்துகொண்டிருந்தது.

1911-ஐ ஒட்டிய நாட்களிற் பம்பாய் கிர்காம் பகுதியிலுள்ள கொட்டகை ஒன்றில் இயேசுகிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப்படத்தை அவர் கண்டார். பெத்லகேமும் கல்வாரியும் திரைமீது உயிர்பெற்று இயங்குவதைக் காணக் காண, இராமனும் கண்ணனும் அவ்வாறே இயங்குவதாக அவர் மனக்கண் கற்பித்தது. நம் நாட்டு வரலாறுகளை நம் நாட்டவரே படமாக்குதல் இயலாதோ என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை மனைவியாரையும் அழைத்துச் சென்று காட்டினார்.

எண்ணம் தோன்றிய அளவிற் செயலில் இறங்குவோர் பலர். பால்கே முதலிற் செய்தது படிப்பேயாகும். படக்கலையின் அரிச்சுவடியை விளக்கும் ஆங்கில நூல் ஒன்றையும், இலண்டனிலிருந்து வெளிவந்த பயாஸ்கோப் என்னும் வாரப் பத்திரிகையையும் வருவித்தார். கடைத்தெருவில் விலைக்கு வந்த சிறு விளையாட்டுப் படக்கருவியும் துண்டுச் சுருள்களும் வாங்கி, மெழுகுவர்த்தி ஒளியிற் சுவரின்மேற் காட்டி ஆராய்ந்தார். மாலைதோறும் கொட்டகையிற் படம் பார்ப்பதும், எஞ்சிய நேரத்திற் சோதனை செய்வதுமாகப் பல மாதங்கள் கழிந்தன. உறக்கம் குன்றியது. இறுதியிற் கண்பார்வை மங்கிச் சிலகாலம் அறவே மறைந்தது. மருத்துவர் ஒருவரின் அரிய சிகிச்சையாலும், மாற்றி மாற்றி அணிந்த கண்ணாடிகளின் உதவியாலும் பார்வை மீண்டது. மீண்ட கண்களை அவர் மறுபடியும் அதே வேலையில் ஈடுபடுத்தினார். சுற்றத்தார் அவருக்குப் பித்துப் பிடித்ததென்றே கருதினர்.

நூலறிவு ஓரளவே பயன்படும், தொழில் நடக்கும் இடத்தை நேரிற் காணல் இன்றியமையாதது என்பதை அவர் உணர்ந்தார். அதற்குப் பொருள் வேண்டுமே! தமது ஆயுள் இன்ஷியூரன்சுப் பத்திரத்தை அடகு வைத்து நண்பர் ஒருவரிடம் கடன் பெற்றார். மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒருவர், தாம் இறந்தபின் அவர்களைக் காக்கவேண்டிய பணத்தை முன்னதாகவே தமது கல்விக்குச் செலவிடத் துணிந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்துணிவைப் புகழ்வதா, குறை கூறுவதா என்பதை வாசகர்களே தீர்மானிக்க.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்கு அறிந்தவர் எவருமிலர். தாம் சந்தா செலுத்திப் படித்த பயாஸ்கோப் பத்திரிகையின் பெயர்ப்பலகையைத் தெருவிற் கண்டு, நேரே உட்புகுந்து ஆசிரியரைச் சந்தித்தார். இங்கிலாந்திலேயே படமெடுப்போர் பலர் நட்டமடைகின்றனர் என்றும், இந்தியாவின் வெப்பம் இத்தொழிலுக்கு ஏலாது என்றும் ஆசிரியர் எச்சரித்தார். எனினும் வந்தவரின் உறுதியைக் கண்டு, வால்டன் என்னும் ஊரில் படமனை வைத்திருந்த செசில் ஹெப்வொர்த் என்பாரிடம் அவரை அறிமுகப்படுத்தினார். ஆங்கிலப் படத்தொழிலின் முன்னோடிகளுள் ஹெப்வொர்த் ஒருவர். கடல் கடந்து வந்த அந்நியருக்குத் தமது படமனையின் பகுதிகளையெல்லாம் ஒளிவு மறைவின்றித் திறந்து காட்டி, செய்முறைகளையும் கண்டறியச் செய்தார். தொழில் இரகசியம் என்று எதனையும் அவர் பூட்டி வைக்கவில்லை. ஆசிரியத் தொழில் பூண்ட நம்மவர்க்கு இஃது ஒரு நல்ல முன்மாதிரி.

அங்கே பால்கே பயின்ற காலம் மிகக் குறுகியது. சில நாட்களே எனலாம். இதனைக் கொண்டு, சில நாட் பயிற்சியே ஒருவரைப் படத்தலைவராக்கும் என்று எவரும் மயங்கற்க. அச்சில நாட்களுக்கு முன்னே கால் நூற்றாண்டுக் கல்வி நின்றது. இருட்டறையை அறியாத ஒருவர் ஹெப்வொர்த்தின் இருட்டறையிற் புகுந்திருப்பின், இருளைத் தவிர வேறொன்றையும் கண்டிரார். பால்கேயோ தமக்குத் தெரியாதது எது என்பதைத் தெளிவாக அறிந்து சென்றார். ஆதலின் அதனை மட்டும் விரைவில் கற்றார். மேற்படிப்பின் இயல்பு இதுவே என்பது நம் கருத்து. அடிப்படை இட்டவர்க்கே அது பயன் தரும்.

வில்லியம்சன் கம்பெனியார் செய்த காமிரா ஒன்றை வாங்கி, பிலிமுக்கும் துளையிடும் பொறிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, 1912 ஏப்ரல் முதல் நாளன்று அவர் தாயகம் திரும்பினார். பொருளுதவி செய்வோரை நம்பச் செய்தல் வேண்டி முதலில் ஒரு சிறு படம் எடுத்தார். தொட்டியில் ஒரு விதையை நட்டு, காமிராவை அதன்முன் அசையாது நிறுத்தி, நாள்தோறும் ஒவ்வொரு படமாகப் பதிவு செய்து வந்தார். அப்படங்களைத் தொடர்ந்து ஓட்டியபொழுது, விதை முளைத்துத் தண்டாகிக் கொடியாகப் படரும் காட்சி திரையிற் தோன்றியது. கண்டோர் வியந்தனர், கடனும் கிடைத்தது. போதாத தொகைக்குச் சரசுவதிபாயின் நகைகள் அடகு சென்றன.

அவ்வம்மையார் அளித்தது நகைகளை மட்டுமன்று. அந்நாளிற் பிலிம் துளையில்லாமலே வந்து சேரும். இருட்டறையில் அதனைத் துளையிட்ட பின்னரே காமிராவில் ஏற்ற இயலும். ஓரடி நீளமுள்ள பிலிமில் 16 படங்கள் அடங்கும். படம் ஒன்றிற்கு இருபுறத்தும் நான்கு நான்கு துளைகள். 3,700 அடி நீளமுள்ள ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 4,70,000 துளைகள் வேண்டும் எனக் கணக்கிடலாம். பகலில் அறுபதின்மர் வரையுள்ள குழுவினருக்குச் சமையல் மேற்பார்வை செய்து, இரவில் இவ்வேலையையும் அம்மையார் கற்றுச் செய்தார். காமிராவில் பிலிம் ஏற்றவும், மருந்து நீரில் பிலிம் கழுவவும் பழகினார். பள்ளியோ பட்டமோ பெறாத அவரையும் இந்நாட்டுப் படக்கலையின் முதல் மாணவருள் ஒருவராகவே நாம் எண்ணுகின்றோம்.

அரிச்சந்திரன் வரலாறே முதற் பெரும்படத்திற்குப் பொருளாயிற்று. தத்தாத்ரேய தாபகே என்பார் அரிச்சந்திரனாகவும், பால்கேயின் மகன் பாலச்சந்திரன் மன்னனின் மைந்தனாகவும் தோன்றினர். சந்திரமதியாக நடிக்கப் பெண் எவரும் முன்வரவில்லை. படத்தில் நடித்தல் இழிவென்று கருதி விலைமகளிரும் மறுத்தனர். உணவு விடுதி ஒன்றில் வேலை செய்துவந்த சாளுங்கே என்னும் இளைஞரின் மெல்லிய கைகளையும் நடையையும் கண்டு, அவரையே அரசியாக்கினார் பால்கே. கதை எழுதுதல், காட்சி அமைத்தல், திரை தீட்டுதல், உடை வகுத்தல், நடிப்புக் கற்பித்தல், படம் பிடித்தல், கழுவுதல், வெட்டி இணைத்தல் ஆகிய யாவற்றிலும் அவர் கைபட்டது. மின்விளக்கின் உதவியின்றிச் சூரிய ஒளியிலேயே படம் பிடிக்கப்பெற்றது. ஏறத்தாழ ஏழு மாத உழைப்பின்பின் படம் முற்றுப்பெற்று, 1913 மே மாதம் 3-ஆம் நாள் பம்பாய் காரனேஷன் கொட்டகையிற் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. மக்கள் திரண்டு வந்து கண்டனர்.

இதற்கு ஓராண்டு முன்னரே புண்டலீகர் வரலாறு ஒன்று அதே கொட்டகையிற் காட்டப்பெற்றதும் உண்மை. அதனையே முதற்படம் என வாதிப்போரும் உளர். அது மேடை நாடகம் ஒன்றை ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரைக் கொண்டு பதிவு செய்தது. முதன்மை யாருக்கு என்னும் வழக்கில் நாம் புக விரும்பவில்லை. ஆயின் விதை முதல் விளைவு வரை ஒரு கலையின் எல்லாப் பகுதிகளையும் தாமே கற்று இந்நாட்டில் ஊன்றியவர் பால்கே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

அதன்பின் அவர் நாசிக்கிற் படமனை அமைத்து மோகினி பஸ்மாசுரன், சத்தியவான் சாவித்திரி முதலிய படங்களை எடுத்தார். மோகினி பஸ்மாசுரனில் துர்காபாய் என்னும் அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தமையாற் பெண்கள் திரையிற் தோன்றும் வழக்கம் தொடங்கியது. 1914-இல் மீண்டும் இலண்டன் சென்று தம் படங்களைக் காட்டிப் பாராட்டுப் பெற்றார். 1917-இல் வெளிவந்த இலங்கா தகனத்தில் இராமனாகவும் சீதையாகவும் சாளுங்கே ஒருவரே தோன்றினார். சென்னையில் அப்படத்திற்கு வசூலான நாணயங்களை மூட்டைகளாக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலுடன் கொண்டு சென்றனர் என்பர். படம் செய்யும் விதத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு படமொன்றையும் பால்கே எடுத்தார். நவயுகம் என்னும் மராத்திப் பத்திரிகையிற் கட்டுரைகளும் எழுதினார். தாம் கற்றதைப் பிறர்க்கும் கற்பிக்க விழைந்த மாண்பு இதனால் விளங்கும்.

அவர் ஏற்றிய விளக்கு நம் நாட்டிலும் ஒளி வீசியது. சென்னையில் மோட்டார் உதிரிப்பொருள் வாணிகம் செய்துவந்த நடராஜ முதலியார் பால்கேயின் படங்களைக் கண்டு ஊக்கமுற்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் புனாவிற் பயிற்சி பெற்று, கீசக வதம் என்னும் மௌனப்படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் அதுவே. அவரும் வாணிகத்தை நிறுத்தி முதலில் மாணவரானார் என்பது நோக்கத்தக்கது.

இனி, பால்கேயின் வாழ்விற் குறையாக நின்றதையும் மறையாது கூறுதல் நம் கடமை. 1918-இல் செல்வர் சிலருடன் கூடி இந்துஸ்தான் சினிமா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். கிருஷ்ண ஜன்மம், காளிய மர்த்தனம் ஆகிய படங்கள் நற்பெயர் பெற்றன. அவர் மகள் மந்தாகினி சிறு கண்ணனாக நடித்து மக்கள் உள்ளங் கவர்ந்தாள். எனினும் கலையையே கண்ணாகக் கொண்ட அவர்க்கும் கணக்கையே கண்ணாகக் கொண்ட கூட்டாளிகளுக்கும் பிணக்கு மூண்டது. அவர் விலகிக் காசிக்குச் சென்று நாடகம் எழுதுவதிற் காலங் கழித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தும் பழைய நிலை எய்தவில்லை. 1931-இற் பேசும்படம் வந்து மௌனப்படத்தை ஒழித்தது. 1937-இல் கோலாப்பூரில் அவர் எடுத்த கங்காவதரணமே அவரது ஒரே பேசும்படம். இறுதிப் படமும் அதுவே. 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் உயிர் நீத்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர் இறுதி நாட்களிற் செல்வராய் இருக்கவில்லை. அவருக்கு வழிகாட்டிய ஹெப்வொர்த்தும் 1920-களிலேயே தமது படமனையை இழந்தார் என்பது வருந்தத்தக்க ஒற்றுமை. கலையின் எல்லா உறுப்புகளையும் கற்ற இருவரும் வாணிகம் என்னும் ஓர் உறுப்பைக் கல்லாது விட்டனர் போலும்.

பால்கே மறைந்தபின், 1949-இல் அமைக்கப்பெற்ற அரசாங்க விசாரணைக் குழு படக்கலை பயிற்றும் நிலையம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1960-இல் புனாவில், பழைய பிரபாத் படமனை இருந்த இடத்திலேயே, அந்நிலையம் எழுந்தது. முதற்பட்டம் பெற்ற மாணவர்கள் அங்கே இயக்கமும், ஒளிப்பதிவும், ஒலிப்பதிவும், படத்தொகுப்பும் தனித்தனித் துறைகளாகப் பயில்கின்றனர். பால்கே கண்ணொளியையும், மனைவியின் நகைகளையும், இன்ஷியூரன்சுப் பத்திரத்தையும் விலையாகக் கொடுத்துத் தனியொருவராய்த் தேடிக் கற்றதை, இன்றைய மாணவன் ஆசிரியர் துணையுடனும், பிழை செய்தாலும் பெருநட்டம் நேராத பயிற்சிக்கூடத்திலும் கற்கலாம். 1969 முதல் படத்துறையினர்க்கு அரசாங்கம் வழங்கும் தலைசிறந்த விருதும் பால்கேயின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆதலின், படத்துறையில் விருப்பமுள்ள நம் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. முதலிற் கையிலுள்ள கல்வியை நன்கு கற்க. இரசாயனச் சாலையும், பௌதிக வகுப்பின் கண்ணாடி வில்லைகளும், சித்திரப் பலகையும், கல்லூரி நாடக மேடையும் பிற்காலத்தில் உமக்கு உதவுவனவே. கணக்கு வகுப்பையும் புறக்கணியாதீர். பின்னர் மேற்பயிற்சிக்குச் செல்லும்பொழுது, தமக்குத் தெரியாதது எது என்று அறிந்து செல்க. பெற்றோருக்கும் ஒரு சொல்: மகனோ மகளோ இத்துறையிற் பயில விரும்புவாராயின், உடனே மறுத்துவிடாது, அவ்விருப்பம் புகழாசையா, உழைப்பாசையா என்று ஆராய்க. உழைப்பாசையாயின், வேதம் ஓதிய சாஸ்திரியார் ஒருவர் தம் மகனைக் கலைப்பள்ளிக்கு அனுப்பிய செய்தியை நினைவிற் கொள்க.